ஹாலிவுட் மேடமும் சைதாப்பேட்டை அக்காவும்

இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கார்டு வரும் வரும் என்று தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அறுபதுகள் முடியப்போகிற சமயம். மயிலாப்பூரில், லஸ் பக்கம், நான் படித்த இன்ஸ்டிட்யூட்டின் மாஸ்டர் ஒருநாள் எங்கள் தெரு வழியாகப் போனவர் வாசலில் நின்றார்.

"அடையாறுல ஒரு அமெரிக்கக்கார அம்மா புஸ்தகம் எழுதறாங்களாம். அவங்க சொல்லச் சொல்ல ஷார்ட்ஹேண்ட்ல எடுத்து டைப் பண்ணித் தர ஆள் வேணுமாம். வாரத்துல நாலு நாள், காலைல மட்டும். போறியாம்மா?"

நான் போகிறேன் என்று சொல்வதற்குள் அப்பா, "நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். மறுநாள் சாயங்காலம் அடையாறு காந்தி நகருக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"சினிமாக்காரியாம்."

"ஐயையோ! நம்மாத்துப் பொண்ணை அங்க அனுப்பினா நாலு பேர் என்ன சொல்லுவா?"

"நம்மூர் சினிமா இல்லடி. ஹாலிவுட்."

"அது இன்னும் மோசம்னா."

"இப்ப நடிக்கறதில்லையாம். ஆத்துக்காரர் பெரிய இன்ஜினியர். இங்க காலேஜ்ல சொல்லிக் குடுக்க ரெண்டு வருஷத்துக்கு வந்திருக்கார். நான் போனப்போ அந்தம்மா செடிக்குத் தண்ணி விட்டுண்டிருந்தா. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு மோர் குடுத்தா."

"மோரா?"

"பெருங்காயம் போட்ட மோர்."

பெருங்காயம் போட்டு மோர் கொடுக்கிற ஒருத்தி அவ்வளவு மோசமாக இருக்க முடியாது என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்படித்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது.

முதல் நாள், இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, மந்தைவெளியில் பஸ் ஏறினேன். மவுண்ட் ரோடு தியேட்டர்களில் கல்லூரித் தோழிகளோடு பார்த்த இரண்டு மூன்று இங்கிலீஷ் படங்கள்தான் எனக்குத் தெரிந்த ஹாலிவுட். அதில் வந்த பெண்கள் எல்லாரும் மாடிப்படி இறங்கி வருவார்கள். அந்த வீட்டிலும் யாரோ மாடிப்படி இறங்கி வரப்போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டுக்கு மாடியே இல்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பேச்சுக்குரல் கேட்ட திசையில் போனால், சமையலறைத் தரையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கால்களை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. எதிரே சைதாப்பேட்டையிலிருந்து வரும் சமையற்கார அம்மா. நான் அவரை அக்கா என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன்.

"டைப்பு பாப்பாவா? வா வா. காப்பி குடிக்கிறியா?" என்றார் அக்கா. பிறகு நடிகையின் தோளில் தட்டி, "யம்மா, டைப்பு வந்துக்கீது" என்று அறிவித்தார். நடிகை பூண்டுத் தோலை உதறிக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை அன்று முழுக்கப் பூண்டு மணத்தது.

அவரை நான் மேடம் என்று கூப்பிட்டேன். மேடத்துக்கு உட்கார்ந்து சொல்ல வராது. ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே சொல்வார். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது தோளைத் தொங்கவிட்டு அப்பாவாகவே ஆகிவிடுவார். ஸ்டூடியோ முதலாளியைப் பற்றிச் சொல்லும்போது வயிற்றை முன்தள்ளி, இல்லாத சுருட்டை வாயின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு பேசுவார். நான் பென்சில் உடைய உடைய எழுதுவேன். முதல் அத்தியாயத்தை டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் படித்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிப்போனார்.

"நான் சொன்னதில் பாதிதான் இருக்கிறது."

எனக்குப் பயமாகிவிட்டது. நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். ஒரு வார்த்தை விடுபடவில்லை.

"மீதிப் பாதியை நீங்கள் சொல்லவில்லை மேடம். செய்து காட்டினீர்கள்" என்றேன்.

மேடம் சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு, செய்து காட்டியதையும் நின்று நிதானமாக வார்த்தையில் சொல்லப் பழகிக்கொண்டார்.

நானும் தப்பு செய்யாமல் இல்லை. அவர் பேச்சில் 'ஏஜெண்ட்' என்று ஒருவர் அடிக்கடி வருவார். எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் எல்லாம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்தான். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று நல்லெண்ணத்தில், ஏஜெண்ட் வருகிற இடமெல்லாம் இன்ஷூரன்ஸையும் சேர்த்து அடித்துவிட்டேன். 'என் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் எனக்கு ஒரு நர்ஸ் வேஷம் வாங்கிக் கொடுத்தார்' என்ற வரியை மேடம் தன் கணவரை எழுப்பிவந்து படித்துக் காட்டினார். பாவம், அவர் காய்ச்சலில் படுத்திருந்தார்.

மேடத்தின் கதை இதுதான். அப்பா ஒரு சின்ன ஊரில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். அந்த ஊரில் ரயில்கூட நிற்காதாம். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எட்டு வயதிலேயே ஊரில் யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டுவார். பாதிரியாரைப் போல நடந்து காட்டியதற்கு அப்பா அடித்தார். அடித்த அப்பாவே மறுநாள் கடையை மூடின பிறகு, "எங்கே, இன்னொரு தடவை நட" என்று கேட்டு ரசித்தார். பதினேழு வயதில் அத்தை ஒருத்தியோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய், சாப்பாட்டுக் கடையில் தட்டு தூக்கினார். அங்கே சாப்பிட வந்த ஒருவர் பார்த்து ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். ஏழு வருஷ ஒப்பந்தம். முதலில் பெயரை மாற்றினார்கள். முன்பல் இரண்டைச் சரிசெய்தார்கள். புருவத்தை மழித்துவிட்டு வேறு இடத்தில் வேறு புருவம் வரைந்தார்கள். மிச்சமிருந்தது நடைதான். அதையும் மாற்ற ஒரு டீச்சரை வைத்தார்கள்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். "இன்னா சொல்லுது பாப்பா? கொஞ்சம் சொல்லேன்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"அய்ய! பல்லு நல்லா இல்ல, புருவம் நல்லா இல்ல, நட நல்லா இல்லன்னா, அப்பறம் இன்னாத்துக்கு இத்த இஸ்துகினு போனானுங்க? வேற பொண்ணயே வச்சிக்கறதுதான?"

மேடம் என்னவென்று கேட்டார். இங்கிலீஷில் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "எழுதிக்கொள். அப்படியே எழுதிக்கொள்" என்றார். முப்பது வருஷமாகத் தன்னிடம் யாருமே கேட்காத கேள்வி அது என்றார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. மேடம் ஒரு பகுதியைச் சொல்லி முடித்ததும் நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அக்கா சிரித்தாலோ, "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டாலோ அந்தப் பகுதி புத்தகத்தில் இருக்கும். "சோறு வெந்துச்சா பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டால் மேடம் என்னைப் பார்த்துக் கையால் வெட்டுவதுபோல் காட்டுவார். நான் அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போடுவேன். பெரிய பெரிய நடிகர்களோடு விருந்து சாப்பிட்ட கதைகளெல்லாம் இப்படிச் சோற்றோடு போயின. ஒரு கழுதையோடு நடித்த கதை மட்டும் மூன்று தடவை சொல்லப்பட்டு எட்டுப் பக்கமாக வளர்ந்தது.

நாற்பது படங்களுக்கு மேல் நடித்தும் மேடம் ஒன்றில்கூடக் கதாநாயகி இல்லை. கதாநாயகியின் தோழி. நர்ஸ். போன் வந்திருக்கிறது என்று வந்து சொல்லும் பெண். "எத்தனையோ கதாநாயகிகளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். நான் திறந்துவிடாவிட்டால் அவர்களால் கதைக்குள்ளேயே வந்திருக்க முடியாது" என்பார். ஒரு படத்தில் முதல் பத்து நிமிஷத்திலேயே அவரைக் கொன்றுவிட்டார்களாம். அதிலும் பிணமாகப் பிரமாதமாக நடித்ததாகப் பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சோபாவில் விழுந்து காட்டினார். அக்கா பதறிப்போய், "யம்மா, எந்திரி எந்திரி. வெள்ளிக்கெயமையும் அதுவுமா" என்று இழுத்து உட்கார வைத்தார்.

முப்பத்தைந்து வயதானதும் போன் அடிப்பது நின்றுவிட்டது. இரண்டு வருஷம் ஒரு கடையில் தொப்பி விற்றார். தன்னோடு நடித்த கதாநாயகி ஒருத்தி அந்தக் கடைக்கு வந்து தொப்பி போட்டுப் பார்த்துவிட்டு, தன்னை யாரென்று தெரியாமலே போன அன்று என்ன செய்தார் என்று சொல்லும்போது மேடம் நடக்கவில்லை. ஜன்னல் பக்கம் நின்றார். நான் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா எழுந்து உள்ளே போனார். மேடம் வெட்டும்படி எனக்குக் கை காட்டினார். ஆனால் அக்கா டம்ளரில் காப்பியோடு திரும்பி வந்து மேடத்தின் கையில் வைத்தார். "குடி தாயி. அவ கெடக்குறா" என்றார். அந்தப் பகுதி புத்தகத்தில் நின்றது.

அதற்குப் பிறகுதான் டெலிவிஷன். மெட்ராஸில் அப்போது யாரும் டெலிவிஷனைப் பார்த்ததில்லை. ரேடியோவில் பேசுகிறவர்கள் தெரிந்தால் எப்படியிருக்கும், அப்படி என்று அக்காவுக்கு விளக்கினேன். "எல்லாரு வூட்டுலயும் அது ஒருத்தியே போய் நிக்குமா? அத்தினி வூட்டுலயும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாரா வாரம் ஒரு குடும்பக் கதை. மூன்று குழந்தைகளுக்குத் தாயாக மேடம் ஆறு வருஷம் அதில் நடித்தார். சொந்தத்தில் அவருக்குக் குழந்தை இல்லை. ஆனால் காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, அவர் கூடையிலிருந்த கேரட்டை எடுத்து வெளியே வைத்து, "உங்கள் சின்னவனுக்குத்தான் இது பிடிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இதைச் சொன்னபோது அக்கா கைதட்டிச் சிரித்தார். மேடம், "நானும் அன்றைக்குக் கேரட் வாங்கவில்லை" என்றார்.

இதற்கிடையில் மேடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். பாடம் எதுவும் இல்லை. பகலெல்லாம் சமையலறையில் அக்காவோடு இருப்பதால் காதில் விழுந்ததுதான். நடையைப் பிடிப்பதுபோல் பேச்சையும் பிடித்துக்கொள்வார். அர்த்தம் சரியாகத் தெரியாவிட்டாலும் ஏற்ற இறக்கம் அச்சாக இருக்கும். வாசலில் கீரைக்காரி வந்தால், "இன்னாமே, கீர வாடிகினு கீது!" என்பார். கீரைக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பாள்.

அம்மாவுக்கு நான் தினமும் வந்து சொல்வதையெல்லாம் கேட்டு ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடத்தை வீட்டுக்குக் கூப்பிட்டோம். அம்மா காலையிலேயே வாசலில் பெரிய கோலம் போட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். மேடம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, அக்காவின் குரலிலேயே கேட்டார்.

"இன்னா, நல்லா கீறியா? துன்னியா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா என்னைப் பார்த்து, "யாருடி இவளுக்கு இந்தத் தமிழைச் சொல்லிக் குடுத்தா?" என்றாள். அடுத்த நிமிஷமே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நன்னா கீறேன், வாங்கோ" என்றாள். அம்மா வாழ்க்கையில் 'கீறேன்' என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். மேடம் நான்கு தடவை ரசம் வாங்கிக் குடித்தார். அம்மாவுக்கு அதன்பிறகு சினிமாக்காரி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "நம்ம அடையாறு மாமி" என்றாகிவிட்டது.

மறு வருஷம் கோடைக்கு முன்னால் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு புரொடக்ஷன் மேனேஜர் வந்தார். வெள்ளைக்காரர் காலத்துக் கதையொன்று படமாகிறது, அதில் கலெக்டரின் மனைவியாக வர ஒரு வெள்ளைக்கார அம்மா வேண்டும், ஒரே ஒரு நாள் வேலை என்றார். ஹாலிவுட்டில் நடித்தவர் என்பது அவருக்குத் தெரியாது. யாரோ அடையாறில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருப்பதாகச் சொல்ல, வந்திருந்தார். "ரொம்பக் கஷ்டம் இருக்காது. நடிப்பெல்லாம் நாங்க சொல்லித் தந்துடுவோம்" என்று மேடத்துக்குத் தைரியம் சொன்னார். மேடம் ரொம்ப அடக்கமாக, "தேங்க் யூ, முயற்சி செய்கிறேன்" என்றார். அவர் போனதும் ஹாலில் ஒரு சுற்று ஆடினார்.

காட்சி இதுதான். மழையில்லாமல் பஞ்சம். ஊர்ஜனங்கள் வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி கலெக்டர் பங்களாவுக்கு வருகிறார்கள். கலெக்டர் முடியாது என்கிறார். மனைவி குறுக்கிட்டு ஒரு வசனம் பேச வேண்டும். வசனகர்த்தா எழுதியிருந்தது: 'இப்பஞ்சைகளின் பசிப்பிணி தீராமல் வரி கேட்பது அறமாகுமா, பிரபு?'

அதை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொடுத்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். 'பசிப்பிணி' மட்டும் நாலு நாள் எடுத்தது. "கணவனைப் பிரபு என்றா கூப்பிடுவார்கள்? உன் அம்மா கூப்பிடுகிறாரா?" என்று கேட்டார். சினிமாவில் கூப்பிடுவார்கள் என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது இன்னா பாஷ பாப்பா?" என்றார். தமிழ்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

ஷூட்டிங்குக்கு நானும் அக்காவும் கூடப் போனோம். மேக்கப் முடிந்து, பழைய காலத்து நீளமான கவுனில் மேடம் செட்டுக்குள் நுழைந்தபோது நான் அதுவரை பார்க்காத ஒருத்தரைப் பார்த்தேன். தரையில் சாக்கட்டியால் போட்டிருந்த அடையாளத்துக்குக் கீழே பார்க்காமலே போய் நின்றார். மேலே கட்டியிருந்த விளக்குகளில் ஒன்றைக் காட்டி, அது தன் முகத்தில் விழவில்லை, கொஞ்சம் இடப்பக்கம் திருப்பலாமா என்று கேட்டார். கேமராமேன் நிமிர்ந்து பார்த்தார். டைரக்டர் என்னிடம் வந்து, "யாரும்மா இவங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அவர் புரொடக்ஷன் மேனேஜரைத் தேடினார். மேனேஜர் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்று எல்லாமே தாமதம். கலெக்டராக நடித்தவரின் மீசை ஒட்டாமல் விழுந்துகொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி இரண்டு மணிக்குத்தான் மேடத்தின் காட்சிக்கு வந்தார்கள். ஊர்ஜனங்களாக நடிக்க விடியற்காலையிலேயே வந்திருந்தவர்கள் ஐம்பது பேர். அவர்களில் ஒல்லியான ஒரு பெரியவர் முன்னால் வந்து கலெக்டர் காலில் விழ வேண்டும். விழுந்தார். எழுந்திருக்கும்போது நிஜமாகவே கால் தடுமாறி, மேடத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கலெக்டர், "வரி கட்டாவிட்டால் ஜெயில்!" என்று கர்ஜித்தார். இப்போது மேடம் பேச வேண்டும். மேடம் அந்தப் பெரியவரைக் குனிந்து பார்த்தார். பெரியவரின் வயிறு இரைந்தது தனக்குக் கேட்டது என்று பின்னால் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பசிப்பிணி, பசிப்பிணி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கலெக்டரைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாயா நீ! வரி வரின்னு கத்திகினு கீற! அந்தாளு துன்னானா இல்லியா பாத்தியா? மொதல்ல சோறு போடு!"

கலெக்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். டைரக்டர் 'கட்' சொல்லவே இல்லை, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மேடம் பெரியவரின் கையைப் பிடித்துத் தூக்கி, அவரோடு உள்வாசல் வழியாகப் போய்விட்டார். அதன்பிறகுதான் மேலே பரணில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். கீழே இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பக்கத்தில் அக்கா, "நான் சொல்றாப்லயே சொல்லிச்சு! அப்டியே சொல்லிச்சு!" என்று என் தோளை உலுக்கினார்.

டைரக்டர் எழுந்து, "மொதல்ல எல்லாரும் சாப்பிடுங்கப்பா" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வசனகர்த்தா சண்டைக்கு வந்தார். "என் வசனம் எங்க சார்? இது கொச்சை. கலெக்டர் பொண்டாட்டி இப்படியா பேசுவா?"

டைரக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "ஐயா, சீமையிலேர்ந்து வந்த பொம்பளை தமிழை எங்க கத்துக்குவா? புலவர்கிட்டயா? சமையல்கட்டுலதான். யோசிச்சுப் பாருங்க, அதான நிஜம்."

"கதை நடக்கிறது திருநெல்வேலிப் பக்கம் சார்."

"அப்ப அந்தம்மா கூட மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆயா போயிருக்கா. ஒரு ஷாட் எடுத்துட்டா போச்சு." அவர் கண் அக்கா பக்கம் திரும்பியது. "நீ வர்றியாம்மா, அந்தம்மா பின்னால விசிறி வச்சிகிட்டு நிக்க?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் போய் நின்றார். அவருடைய முகத்தில் அன்று அரை டப்பா பவுடர் போட்டார்கள்.

திரும்பி வரும்போது காரில் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் ஒரு வார உழைப்பை நான் வீணாக்கிவிட்டேன். கோபமா?" என்றார். கோபமே இல்லை என்றேன். பசிப்பிணி என்ற சொல் அந்த ஒரு வாரத்தில் எனக்கும் வெறுத்துப்போயிருந்தது.

படம் வெளிவந்ததும் மவுண்ட் ரோடு தியேட்டரில் பார்க்கலாம் என்றார் மேடத்தின் கணவர். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. சைதாப்பேட்டையில், தன் தெருக்காரர்களோடுதான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை மேட்னி ஷோவுக்குப் போனோம். மேடம், அவர் கணவர், நான், அப்பா, அம்மா. அக்காவின் தெரு முழுவதும் முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தது. மேடம் புடவை கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

கலெக்டர் பங்களா வந்தது. மேடத்துக்குப் பின்னால் விசிறியோடு அக்கா தெரிந்ததும் ஒரு பக்கம் பூராவும் எழுந்து நின்றுவிட்டது. பெரியவர் விழுந்தார். மேடம் இடுப்பில் கையை வைத்தார். "இன்னாயா நீ!" என்று தொடங்கியதுதான் கேட்டது. மீதி எதுவும் கேட்கவில்லை. விசில். பெஞ்சின்மேல் ஏறி நின்று விசில். தரை டிக்கெட்டிலிருந்து யாரோ துண்டைத் தூக்கி மேலே எறிந்தார். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று கத்தியதில், ஆபரேட்டர் படத்தை நிறுத்தி அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டினார். அந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து வசனத்தைச் சொன்னார்கள். அம்மா பின்வரிசைப் பெண்ணிடம் திரும்பி, "இவா எங்காத்துக்கு வந்திருக்கா. நாலு தரம் ரசம் சாப்பிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்டு அந்தப் பெண் முக்காட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். மேடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ சோடா வாங்கிவந்து கையில் திணித்தார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையை மடியில் வைத்தாள். மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "நாற்பது படம். நான் உள்ளே வந்ததும் போனதும் யாருக்கும் தெரிந்ததில்லை" என்று என் காதருகில் சொன்னார். சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை இதைத் தன் புத்தகத்துக்காகச் சொன்னார். அவ்வளவு அழகாக எதையும் அவர் சொன்னதில்லை. நான் எழுதி முடித்து, அக்காவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு அக்கா எழுந்தார்.

"அதான் நானே பாத்தனே பாப்பா. சோறு வெந்துச்சா பாத்துட்டு வரேன்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அவருக்குக் கேட்காமல் எழுதிக்கொள்" என்று மேடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த வீட்டுச் சட்டத்தை நாங்கள் மீறியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வருஷம் முடிந்து அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மீனம்பாக்கத்தில் அக்கா அழுதார், நான் அழுதேன், அப்பாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தேனாம்பேட்டையில் ஓர் ஆபீசில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. மேடத்தின் புத்தகம் ஒரு சின்னப் பதிப்பகத்தில் வெளிவந்தது. நிறைய விற்கவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் அதைப் படித்த ஒருவர் கூப்பிட்டு, ஒரு டெலிவிஷன் தொடரில், யாரையும் அதட்டி உருட்டுகிற வீட்டுக்கார அம்மாவாக வேஷம் கொடுத்தார். மூன்று வாரத்துக்கென்று ஆரம்பித்த வேஷம் நாலு வருஷம் ஓடியது. 'இந்த வயதில் என் பெயரை முதலில் போடுகிறார்கள்' என்று ஒரு கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "பின்ன? அதுக்கு இன்னா கொறச்சலு?" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி, ஒரு மகளும் பிறந்தாள். எழுபதுகளின் பின்பாதியில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேடத்துக்கு எழுதினேன். பதிலுக்குத் தந்தி வந்தது, பின்னாலேயே அவர் வந்தார். முடி முழுவதும் வெளுத்திருந்தது. கையில் பெரிய பெட்டி. அதில் பாதி மணப்பெண்ணுக்கு.

தெருவை அடைத்துப் பந்தல். முகூர்த்தம் முடிந்து பந்தி உட்கார்ந்ததும் மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு பாயச வாளியைத் தூக்கிவிட்டார். வேண்டாம் வேண்டாமென்று எவ்வளவோ சொன்னோம். "நான் தட்டு தூக்கித்தான் தொழிலுக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வரிசையில் இறங்கினார். ஓர் இலைக்கு ஒரு கரண்டி, சிந்தாமல் சிதறாமல். தலையாட்டியவர்களுக்கு இரண்டு கரண்டி. என் மூன்று வயது மகள் அவர் பின்னாலேயே போய், யார் இலையில் காலியாக இருக்கிறது என்று கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். "தொரசானிம்மா, இங்க ஒண்ணு!" என்று நாலாப்பக்கமும் கூப்பிட்டார்கள்.

மூன்று பந்தியும் முடியும்வரை அவர் உட்காரவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு, பந்தலுக்குப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவே மேடமும் அக்காவும் நானும் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பளம் தீர்ந்துபோயிருந்தது. பாயசம் மட்டும் நிறைய மிச்சமிருந்தது.